பூமியின் உள்சூடு: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பூமிக்குள்ளே என்ன எரியுது?" என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். பதில் சொல்ல வரும் பெரியவர்களும் அந்தக் கேள்வியை அப்படியே ஏற்றுக்கொண்டு, உள்ளே ஏதோ ஓர் அடுப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. உள்ளே எதுவும் எரியவில்லை. சுமார் 454 கோடி ஆண்டுகளுக்கு முன்பு குறுங்கோள்கள் மோதி ஒன்றுசேர்ந்து பூமி உருவானபோதும், கனமான இரும்பு மையத்தை நோக்கி அமிழ்ந்தபோதும் பெருஞ்சூடு பிறந்தது. அந்தச் சூடு ஏன் இன்னும் வெளியேறித் தீரவில்லை என்றுதான் கேட்க வேண்டும்.

பாறை வெப்பத்தை மிக மிக மெதுவாகக் கடத்தும் என்பதில் பதிலின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பாறையை வெப்பம் ஊடுருவிக் கடக்க ஏறத்தாழ 30,000 ஆண்டுகள் ஆகும். தடிமன் இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும்; 100 கிலோமீட்டர் என்றால் சுமார் 30 கோடி ஆண்டுகள். கடத்தலை மட்டும் நம்பியிருந்தால், 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள இந்தக் கோளத்தின் மையம் இதுவரை ஆறத் தொடங்கியே இருக்காது.

இங்கே பிரிட்டிஷ் இயற்பியலாளர் கெல்வினின் கதையைச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை. 1862-இல் அவர் பூமி ஆறும் வேகத்தைக் கணக்கிட்டு, அதன் வயது சில கோடி ஆண்டுகள், மிஞ்சினால் 40 கோடி என்றார். "பாவம், அவருக்குக் கதிரியக்கம் தெரியாது, அதனால் தவறிவிட்டார்" என்று கதையை முடிப்பது வழக்கம். இது பாதி உண்மைதான். கெல்வின் கணக்கில் கதிரியக்க வெப்பத்தை, அதாவது யுரேனியம் போன்ற தனிமங்களின் அணுக்கள் சிதையும்போது பிறக்கும் சூட்டை, சேர்த்தாலும் விடை பெரிதாக மாறாது. பூமியின் உட்புறம் அசைவே இல்லாமல் வெப்பத்தைக் கடத்த மட்டும் செய்யும் என்று அவர் எடுத்துக்கொண்டதுதான் உண்மையான பிசகு. 1895-இல், கதிரியக்கம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய ஆண்டிலேயே, அவரிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி இதைச் சுட்டிக்காட்டினார். உள்ளே பொருள் புரண்டு ஆழத்துச் சூட்டை மேலே கொண்டுவந்தபடி இருந்தால், பூமியின் வயது 200, 300 கோடி ஆண்டுகள்வரைகூடப் போகலாம் என்று காட்டினார். பெர்ரியின் பெயர் நம் பாடங்களில் வருவதே இல்லை. வர வேண்டும்.

அப்படியானால் கதிரியக்கத்துக்கு என்ன பங்கு? பூமியிலிருந்து வெளியேறும் வெப்பம் சுமார் 47 டெராவாட் (ஒரு டெராவாட் என்பது லட்சம் கோடி வாட்). ஜப்பானின் காம்லேண்ட் ஆய்வகம் பூமிக்குள் அணுக்கள் சிதையும்போது வெளிவரும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்களை எண்ணி 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, யுரேனியமும் தோரியமும் தருவது ஏறக்குறைய 20 டெராவாட். ஆகவே "எல்லாமே கதிரியக்கம்" என்பதும் தவறு, "எல்லாமே பழைய சூடு" என்பதும் தவறு. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. இந்தத் தனிமங்கள் கருவத்தில், அதாவது பூமியின் மையத்திலுள்ள இரும்புப் பகுதியில், குவிந்திருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். அவை இரும்போடு சேராமல் பாறையோடு சேர்பவை. அதனால் மேலோட்டிலும், அதற்கும் கருவத்துக்கும் இடையிலுள்ள பாறை அடுக்கான கவசத்திலுமே பெரும்பாலும் இருக்கின்றன.

அழுத்தம்தான் சூட்டுக்குக் காரணம் என்ற விளக்கமும் அடிக்கடி வரும். சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாகும். அடித்து முடித்த டயர் நாள் முழுக்க அழுத்தத்தோடு நின்றாலும் சூடாக இருப்பதில்லை. அமுக்கும்போதுதான் சூடு பிறக்கும்; அமுங்கியே இருப்பதால் புதிதாகச் சூடு வராது. ஆனால் அழுத்தம் பாறை, உலோகம் ஆகியவற்றின் உருகுநிலையை உயர்த்தும். அதனால்தான் 5,000 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத்திலும் கருவத்தின் உட்பகுதியான உட்கருவம் திடமாக இருக்கிறது. அதைச் சூழ்ந்த வெளிக்கருவத்தின் உருகிய இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக உறைந்து அதன்மேல் படிகிறது. அந்த உறைதலும் வெப்பத்தை வெளிவிடுகிறது.

மாணவர்கள் விரும்பிச் செய்யும் தவறு ஒன்று உண்டு: பெருக்கல். கீழே போகப் போக வெப்பநிலை கிலோமீட்டருக்கு 25 டிகிரி ஏறும் என்று படித்துவிட்டு, அதை 6,371-ஆல் பெருக்கினால் ஒன்றரை லட்சம் டிகிரி வந்து நிற்கும். அந்த 25 ஒரு சராசரிதான், அதுவும் மேலோட்டின் மேற்பகுதிக்கு மட்டும். கர்நாடகத்தின் கோலார் தங்க வயலையே பாருங்கள். வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம் அது. அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாடநூல் கணக்குப்படி அந்த ஆழத்தில் பாறை 100 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். இருந்ததோ 60-ஐ ஒட்டித்தான். தக்காணத்தின் அந்தப் பழம்பாறைத் தளம் வெகுகாலம் முன்பே ஆறி இறுகியது. மனிதர் வேலை செய்ய அந்த 60-ம் கொடுமையான சூடுதான். குளிர்காற்றைக் கீழே செலுத்தித்தான் சுரங்கத்தை நடத்தினார்கள். கவசத்துக்குள் போய்விட்டால் கதையே வேறு. அங்கே பொருள் புரண்டு கலப்பதால், பெரும்பகுதியில் வெப்பநிலை கிலோமீட்டருக்கு அரை டிகிரி அளவுக்கே ஏறுகிறது.

சூரியன் நிலத்தைச் சுடுவதுதான் உள்சூட்டுக்குக் காரணம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி போதும்: கோடையும் குளிரும் மாறுவது சுமார் 20 மீட்டர் ஆழத்துக்குக் கீழே தெரியவே தெரியாது.

கடைசியாக, கவசத்தைக் கொதிக்கும் குழம்புக் கடலாக வரையாதீர்கள். நில அதிர்வின் எஸ் அலைகள் திரவத்தினூடே செல்லா, கவசத்தினூடே செல்கின்றன. அது திடப் பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளில், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்கிற திடப் பாறை. எரிமலைக்கு வரும் குழம்பு, மேலே அழுத்தம் குறையும் இடங்களிலும் நீர் கலக்கும் இடங்களிலும் சிறிதளவு உருகுவதால் உண்டாவது. வகுப்பில் குறுக்குவெட்டுப் படம் வரைந்தால், திரவத்துக்கான நிறத்தை வெளிக்கருவத்துக்கு மட்டும் கொடுங்கள்.