அடியிறக்கம் திரும்பி வந்துவிட்டதா? மெஷ் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

"கர்ப்பப்பையையே எடுத்தாச்சே, அப்புறம் எதுடா இறங்கும்?" அடியிறக்கத்துக்காக ஆபரேஷன் முடிந்து ஆறு வருஷம் கழித்து, உட்கார்ந்து எழும்போதெல்லாம் கீழே பந்து மாதிரி தட்டுப்படுகிறது என்று தெரிந்தபோது என் பெரியம்மா கேட்டது. பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கோளாறு கர்ப்பப்பையில் இல்லை, அதையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்கிப் பிடிக்கிற தசையும் நார்களும் தளர்ந்துபோனதில் இருக்கிறது. பையை எடுத்தாலும் தளர்ச்சி போகாது. முன்பக்கம் சிறுநீர்ப்பை இறங்கலாம், பின்பக்கம் மலக்குடல் புடைக்கலாம், கர்ப்பப்பை இருந்த இடத்தில் யோனியின் மேல்முனையே சரிந்து வரலாம். இதில் எது என்று தெரியாமல், மெஷ் (தளர்ந்த இடத்தைத் தாங்க உள்ளே வைக்கிற பிளாஸ்டிக் வலை) வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்துவது வீண்.

அடுத்தது, மெஷ் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது. "அமெரிக்காவிலேயே தடை பண்ணிட்டாங்க" என்று யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. யோனிச் சுவரைக் கீறி அந்த வழியாக வைக்கிற மெஷ்தான் அங்கே சிக்கலில் மாட்டியது. 2008இல் எச்சரித்த எஃப்டிஏ (அங்கே மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற அரசு அமைப்பு), 2011இல் கடுமையான பாதிப்புகள் அபூர்வமல்ல என்றது, 2019 ஏப்ரலில் இறக்கத்துக்கான அந்த வகை மெஷ் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆஸ்திரேலியா 2017இலேயே அதை விலக்க முடிவெடுத்துவிட்டது. ஆனால் வயிற்று வழியாக, பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில், யோனியின் மேல்முனையை முதுகெலும்பின் அடியில் இருக்கும் எலும்போடு மெஷ்ஷால் இழுத்துக் கட்டுகிற சேக்ரோகால்போபெக்ஸி அந்த அமெரிக்க உத்தரவில் வரவில்லை. மேல்முனை திரும்ப இறங்கியவர்களுக்கு இன்றும் செய்கிறார்கள். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியது "மெஷ் நல்லதா?" என்பதல்ல; "எந்த வழியாக வைக்கிறீர்கள், எந்த இடத்தைத் தூக்குகிறீர்கள், மெஷ் இல்லாமல் என் சொந்தத் தசைநாரிலேயே தைக்க முடியாதா, இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" கடைசிக் கேள்விக்குக் கூச்சப்படவே வேண்டாம். வயிற்று வழியாக வைத்தாலும் தொந்தரவே வராது என்றில்லை. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஏழு வருஷத்துக்குள் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மெஷ் அரித்துக்கொண்டு வெளியே தெரிந்தது.

"சித்தப்பாவுக்கு ஹெர்னியாவுக்கு வைத்தார்களே, நன்றாகத்தானே இருக்கிறார்" என்ற சமாதானமும் எடுபடாது. பொருள் அதே பாலிப்ரொப்பிலீன்தான். ஆனால் யோனிச் சுவர் மெல்லியது, கிருமிகள் இயல்பாகவே இருக்கிற இடம், மாதவிடாய் நின்றபின் இன்னும் மெலிந்துபோகிறது. மெஷ்ஷின் ஓட்டைகளுக்குள் சதை வளர்ந்து புகுந்துகொள்வதால்தான் அது பிடிக்கிறது, அதே காரணத்தால் பிறகு எடுக்க வேண்டி வந்தால் தையலைப் பிரிப்பது போல உருவிவிட முடியாது. முழுதாக வராமலும் போகலாம், எடுத்தபின் வலி மிஞ்சவும் செய்யலாம்.

பெஸரியை முயன்றுகூடப் பார்க்காமல் ஆபரேஷன் மேஜைக்குப் போவது எனக்குப் புரியாத அவசரம். சிலிக்கான் வளையம், உள்ளே வைத்துத் தாங்கிக்கொள்ளலாம், பொருந்தவில்லையென்றால் எடுத்துவிடலாம். அதேபோல, மலச்சிக்கலையும் தீராத இருமலையும் அப்படியே விட்டுவிட்டு மறுபடி தைப்பது ஓட்டைப் படகுக்கு வண்ணம் அடிப்பதுதான். சிகரெட் பழக்கம் இருந்தால் மெஷ் வெளியே வரும் வாய்ப்பு கூடும். இறக்கத்தைச் சரிசெய்தபின் இருமினால் சிறுநீர் கசிவது புதிதாகத் தொடங்கலாம், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மெஷ் வைத்தபின் வெள்ளைப்படுதல் கூடினாலோ, ரத்தம் பட்டாலோ, உறவின்போது வலித்தாலோ, கணவருக்கு ஏதோ குத்துகிறது என்றாலோ வயசு என்று விட்டுவிடாதீர்கள். வருஷங்கள் கழித்தும் வரலாம். சொல்ல வெட்கப்பட்டு இரண்டு மூன்று வருஷம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகக் காகிதம். மெஷ் பாக்கெட்டில் பெயரும் லாட் நம்பரும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி ஆபரேஷன் குறிப்போடு வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் "பிரோலாப்ஸ் ரிப்பேர்" (இறக்கத்தைச் சரிசெய்தது) என்று இரண்டே சொல். முன்பக்கமா பின்பக்கமா, மெஷ் உண்டா இல்லையா, ஒன்றும் இல்லை. புது டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. இப்போதைக்கு வளையத்தோடு இருக்கிறார், தை பிறக்கட்டும் பார்க்கலாம் என்கிறார்.