விலை கூடிய அக்கூஸ்டிக் கிட்டார் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்தவர்கள்தான் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் கிட்டாரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நாமெல்லாம் விழுந்த அதே குழியில் புதியவர்களும் வரிசையாக வந்து விழுகிறார்கள். பலகை முழுமரமா பிளையா, ட்யூனிங் கீ வழுக்குகிறதா, எங்காவது விரிசல் இருக்கிறதா என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. கண்ணில் படாமல் கையைக் கடிப்பவை வேறு.

மரத்தின் ஜாதகம் பார்ப்பது

ரோஸ்வுட் என்றால் ஆழம், மஹோகனி என்றால் இனிமை, மேப்பிள் என்றால் பளிச். இதை மனப்பாடம் செய்துகொண்டு, வாசித்துப் பார்க்கும் முன்பே பாதி கிட்டார்களைத் தள்ளிவிடுகிறார்கள். ஒலியின் பெரும்பங்கு மேற்பலகையிலும், அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிரேசிங் எனும் மரச்சட்டங்களிலும், இரண்டையும் எவ்வளவு சீவ வேண்டும் என்று தெரிந்த கையிலும் இருக்கிறது. இதைக் காட்டவே ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தே தோரெஸ் 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, ஸ்ப்ரூஸ் மேற்பலகை வைத்து ஒரு கிட்டார் உருவாக்கினார். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. ஒரே அமைப்பில், முதுகும் பக்கமும் மட்டும் வெவ்வேறு மரத்தில் ஆறு கிட்டார்கள். எது எந்த மரம் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாதபடி 52 பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். ஒலித்தரத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பெண்களில் பெரிய வித்தியாசமே இல்லை.

மரத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அழகுக்கும் அருமைக்கும் போகிறது. தெரிந்து கொடுத்தால் தவறில்லை. ஆனால் ஒரே மாடலில், ஒரே மாதத்தில் வந்த இரண்டு கிட்டார்களே இரண்டு விதமாகப் பேசும். மாடலை முடிவு செய்த பிறகும் அதில் இரண்டு மூன்றையாவது வாசித்துப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

நட் அகலத்தைக் கேட்காமல் விடுவது

நட் என்பது நெக்கின் (கழுத்தின்) தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் பட்டை. அதன் அகலம் 43, 44.5, 46. எல்லாம் மில்லிமீட்டர். கேட்பதற்கு அற்பமாக இருக்கும் இந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான், விரலால் மீட்டுபவருக்குப் பக்கத்துத் தந்தி இடிக்கிறதா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. ஸ்கேல் நீளமும், அதாவது தந்தி அதிரும் நீளமும், அப்படித்தான். 645 மி.மீ. கிட்டாரிலிருந்து 632 மி.மீ. கிட்டாருக்கு வந்தால், அதே தந்தி, அதே சுருதியில் இழுவை சுமார் 4 விழுக்காடு குறையும். இடது கைக்கு அது உடனே தெரியும். பத்து நிமிடத்தில் எல்லா நெக்கும் சுகமாகத்தான் இருக்கும். நாற்பதாவது நிமிடத்தில் பெருவிரல் உண்மையைச் சொல்லும்.

“போகப்போகத் திறந்துகொள்ளும்” என்பதை நம்புவது

வாசிக்க வாசிக்க ஒலி மேம்படும் என்பார்கள். இன்று கேட்கும் ஒலிக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

நெக் கோணத்தைப் பார்க்காமல் பழைய கிட்டார் வாங்குவது

இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான். நல்ல பெயர் பெற்ற பழைய கிட்டார், சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைவு, ஒலி பிரமாதம். “ஆக்ஷன் மட்டும் கொஞ்சம் தூக்கல், ஒரு செட்டப் செய்தால் சரியாகிவிடும்” என்கிறார் விற்பவர். (ஆக்ஷன் என்பது நெக்கின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம். செட்டப் என்பது அதைச் சீர்செய்யும் சின்ன வேலை.) அந்த ஒரு வரியைக் கேட்டதும் பணத்தைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, அளவுகோலை வெளியே எடுக்க வேண்டும். ‘கொஞ்சம் தூக்கல்’ என்பது செட்டப்பில் தீராத நோயாக இருந்தால், நெக்கையே கழற்றிக் கோணம் திருத்திப் பூட்ட வேண்டியிருக்கும். அதுதான் நெக் ரீசெட். பழுதுவேலைகளிலேயே செலவு கூடியவற்றில் ஒன்று.

ஏன் இப்படி ஆகிறது? லைட் தந்தி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் நெக்கையும், மேற்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வருடங்கள் போகப்போக, பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை மெல்ல உப்பும். ஒலித்துளைப் பக்கம் அமுங்கும். நெக் முன்னால் சாயும். தந்தி ஃப்ரெட்டை விட்டு மேலே போகும். உடைமையாளர் சேடிலை (பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கும் எலும்புப் பட்டையை) சீவுவார். மறுபடி ஏறும், மறுபடி சீவுவார். சீவ எலும்பு இல்லாத கட்டத்தில்தான் கிட்டார் விற்பனைக்கு வருகிறது.

கணக்கு எளிது. 12-ஆம் ஃப்ரெட்டில் ஆக்ஷனை எவ்வளவு இறக்க வேண்டுமோ, சேடிலில் அதன் இரு மடங்கு சீவ வேண்டும். ஒரு கிட்டாரை எடுத்துக்கொள்வோம். 12-ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்தியின் (மிகத் தடித்த தந்தியின்) உயரம் 3.2 மி.மீ. பெரும்பாலானோருக்கு வசதியான அளவு 2.4 அளவில் இருக்கும் (முதல் தந்திக்கு 1.6 முதல் 2 வரை). குறைக்க வேண்டியது 0.8, சேடிலில் 1.6. ஆனால் பிரிட்ஜுக்கு மேலே சேடில் தெரிவதோ 1 மி.மீ. கணக்கு உதைக்கிறது. செட்டப் பேச்சு அதோடு முடிந்தது.

சோதிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கிட்டாரைச் சுருதியில் வையுங்கள். நேரான நீள ஸ்கேல் ஒன்றை நெக்கின் நடுவில், மூன்றாம் நான்காம் தந்திகளுக்கு இடையே, ஃப்ரெட்டுகளின் மேல் படும்படி கிடத்தி பிரிட்ஜ் வரை நகர்த்துங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்விளிம்போடு சமமாகவோ ஒரு மயிரிழை மேலாகவோ வந்தால் நலம். பிரிட்ஜின் முன்முகத்தில், விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே போய் முட்டினால் ரீசெட் நெருங்கிவிட்டது, அல்லது காலம் கடந்துவிட்டது.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தச் சோதனையிலேயே ஏமாற்ற வழி இருக்கிறது: பிரிட்ஜையே இழைத்துத் தாழ்த்திவிட்டால் ஸ்கேல் அழகாக மேலே வந்து உட்காரும். அதனால் பிரிட்ஜின் கனத்தையும் அளக்க வேண்டும். நடுவில் 8 முதல் 9.5 மி.மீ. வரை இருப்பது வழக்கம். 6 என்று காட்டினால் யாரோ உளி வைத்திருக்கிறார்கள். பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் மேற்பலகையிலிருந்து தந்தி வரை அளந்தாலும் குட்டு வெளிப்படும். ஆரோக்கியமான கிட்டாரில் அது சுமார் 12 முதல் 13 மி.மீ. இருக்கும். இழைத்த பிரிட்ஜில் தந்தி சேடிலின் மேல் போதுமான சரிவோடு மடங்காது. ஒலியும் சோர்ந்துவிடும். ரீசெட்டோடு புது பிரிட்ஜ் செலவும் உங்கள் தலையில்தான்.

இன்னொரு தந்திரம், நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராட். டிரஸ் ராட் நெக்கின் வளைவை மட்டும் திருத்தும். உடலோடு நெக் சேரும் கோணத்தை அது தொடவே தொடாது. இருந்தாலும், அதை இறுக்கி நெக்கைப் பின்னால் வளைத்துவிட்டால் ஆக்ஷன் கொஞ்சம் இறங்கினாற்போல இருக்கும். விற்கும் நாளுக்கு அது போதும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, நெக் உடலோடு சேரும் 14-ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் தந்தியை அழுத்துங்கள். ஏழாம் ஃப்ரெட்டின் மேல் 0.1 முதல் 0.25 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லாமல் தந்தி படிந்து கிடந்தால், டிரஸ் ராடைத் தளர்த்தச் சொல்லி மறுபடி அளங்கள். 1985-க்கு முந்தைய மார்ட்டின் நிறுவனக் கிட்டார்களில் திருப்பக்கூடிய டிரஸ் ராடே கிடையாது. அவற்றை “ராடைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம்” என்று யாராவது விற்றால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

சரி, ரீசெட் என்றால் என்ன செய்கிறார்கள்? டவ்டெயில் இணைப்பு (மரத்துக்குள் மரம் கோத்துப் பசையிட்டது) என்றால் 15-ஆம் ஃப்ரெட்டைப் பிடுங்கி, அந்தத் தடத்தில் சின்னத் துளையிட்டு, உள்ளே நீராவி செலுத்திப் பசையை இளக்குவார்கள். ஒலித்துளை வரை நீளும் விரல்பலகையைச் சூடாக்கி விடுவிப்பார்கள். நெக் கழன்று வந்ததும் அதன் குதியிலிருந்து (உடலோடு ஒட்டும் அடிப்பகுதியிலிருந்து) மரத்தைச் சீவுவார்கள். எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும். 645 மி.மீ. ஸ்கேல் நீளத்தில் 14-ஆம் ஃப்ரெட்டிலிருந்து சேடில் வரை சுமார் 287 மி.மீ. குதியின் உயரம் 100 மி.மீ. என்றால், சோதனை ஸ்கேலின் முனை பிரிட்ஜ் அருகே 2.4 மி.மீ. மேலே வர, குதியின் நுனியில் சீவ வேண்டியது வெறும் 0.84 மி.மீ. மேலே போகப்போக அது ஒன்றுமில்லாமல் தேய வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இணைப்பு மறுபடி இறுக்கமாக உட்கார வேண்டும். கூலி அந்தத் துல்லியத்துக்குத்தான். முடிந்ததும் ஃப்ரெட் வேலையும் புதுச் சேடிலும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

இணைப்பு எந்த வகை என்று கேட்பதும் அவசியம். டெய்லர் நிறுவனம் 1999 முதல் கொண்டுவந்த போல்ட் முறையில், கோணத்தை மாற்ற மெல்லிய தகடுகளை மாற்றினால் போதும். அங்கே இதே குறை சின்னக் குறை. நேர்மாறாக, நெக்கும் உடலும் ஒன்றாகக் கட்டப்பட்ட ஸ்பானிஷ் முறை கிளாசிக்கல் கிட்டாரில் நெக் கழன்றே வராது. ஒரே குறை, மூன்று விதமான செலவு.

ரீசெட் தேவைப்படும் கிட்டாரை வாங்கவே கூடாதா என்றால், தாராளமாக வாங்கலாம். பழுதுபார்ப்பவரிடம் முதலில் மதிப்பீடு வாங்கி, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். நல்ல கையால் ஏற்கெனவே ரீசெட் ஆன கிட்டார் இன்னும் மேல். நேரில் பார்க்க முடியாவிட்டால் மூன்று படம் கேளுங்கள்: பிரிட்ஜில் முட்டும் ஸ்கேல், 12-ஆம் ஃப்ரெட்டில் அளவுகோல், பக்கவாட்டில் சேடில். முகப்பழகைக் காட்டும் முப்பது படங்களை அனுப்பிவிட்டு இந்த மூன்றுக்கு மட்டும் “வெளிச்சம் சரியில்லை” என்பவரிடம் வாங்க வேண்டாம். உத்தரவாதம் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு: பல தயாரிப்பாளர்களின் வாழ்நாள் உத்தரவாதம் முதல் உடைமையாளரோடு முடிந்துவிடும்.

காற்றின் ஈரத்தை மறந்து அளப்பது

மேலே சொன்ன அளவுகள் எல்லாம் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இருக்கும்போதுதான் செல்லும். காற்றில் ஈரம் ஏறினால் மேற்பலகை உப்பி பிரிட்ஜைத் தூக்கும். நல்ல கிட்டாரும் ரீசெட் கேட்பதுபோல் நடிக்கும். வறண்டால் பலகை அமுங்கி, ஆக்ஷன் வெண்ணெயாக இறங்கி, கெட்ட கிட்டாரும் பாஸாகிவிடும். விரல்பலகையின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் முனைகள் கீறினால் மரம் வற்றியிருக்கிறது. அப்படிப்பட்டதை ஒன்றிரண்டு வாரம் சரியான ஈரத்தில் வைத்து மறுபடி அளக்க வேண்டும்.

ஈரப்பதம் அளக்கும் ஹைக்ரோமீட்டரையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சில துளி நீர் விட்டுச் சேறுபோல் ஆக்கி, கருவியோடு காற்றுப் புகாத பைக்குள் எட்டுப் பத்து மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் கருவி 7 குறைத்துச் சொல்கிறது.

மடியில் வைத்து மட்டும் கேட்பது

கிட்டார் ஒலியை முன்னால் வீசுகிறது. நீங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேறொருவரை வாசிக்கச் சொல்லி மூன்று மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். பிறகு ராகம், கார்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஒரே பலத்தில் மீட்டிக்கொண்டு போங்கள். ஆறாம் தந்தியில் இரண்டு முதல் ஐந்தாம் ஃப்ரெட் வரை காது கூராக இருக்கட்டும். உடலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் அங்கேதான் விழும். ஒரு சுரம் மட்டும் குமுறிவிட்டுப் பொத்தென்று அணைந்துபோகலாம். எந்தச் செட்டப்பும் அதை முழுதாகத் தீர்க்காது.

தந்தியின் வயதைக் கேட்காமல் இரண்டு கிட்டார்களை ஒப்பிடுவது

நேற்று மாட்டிய தந்தி எந்தக் கிட்டாரையும் ஜெயிக்க வைக்கும். ஒரே கனம், ஒரே நாளில் மாட்டியது, இல்லாவிட்டால் ஒப்பிடாதீர்கள்.

காகிதம் இல்லாத பிரேசிலியன் ரோஸ்வுட்

1992 ஜூன் 11 முதல் இந்த மரம், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. 2017 ஜனவரியில் மற்ற ரோஸ்வுட் வகைகளும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது. அந்த விலக்கு பிரேசிலியனுக்குப் பொருந்தாது. பழைய கிட்டாராக இருந்தாலும் அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம். நிறுவனங்களும் நிறையவே மாறிவிட்டன. மார்ட்டின் தன் வழக்கமான மாடல்களில் 1969-ஐ ஒட்டி இந்திய ரோஸ்வுட்டுக்கு வந்துவிட்டது. அதன் வரிசை எண்கள் தொடர்ச்சியாக ஓடுவதால், எண்ணை வைத்தே கிட்டார் எந்த ஆண்டுடையது என்று பார்த்துவிடலாம். எழுபதுகளின் எண்ணைக் காட்டி வழக்கமான மாடலை “பிரேசிலியன்” என்று விலை சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

வாங்கிய வாரமே பிக்கப் பொருத்துவது

பிக்கப் என்பது ஒலியை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி. அதன் இணைப்புக்காகக் கிட்டார் உடலின் அடிமுனையில் சுமார் 12 மி.மீ. துளை விழும். பழைய கிட்டார் என்றால் அதன் விலையும் சேர்ந்து விழும். முதல் ஒரு வருடம் மைக் வைத்து வாசியுங்கள்.