செட்டிநாட்டு வெயிலில் பசுமைக்குடில்: வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் கட்டுக்குள் வைக்கும் முறை

காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் அமைந்திருப்பதால், ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும், சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து நிற்கிறது. தெளிந்த வானமுள்ள அந்நாள்களின் உச்சிவேளையில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையின் மீதும் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. 500 சதுர மீட்டர் குடிலுக்குள் அதில் பாதி நுழைந்தால்கூட 250 கிலோவாட் வெப்பத்தை ஏதோ ஒரு வழியில் வெளியேற்றியாக வேண்டும். பசுமைக்குடில் என்னும் அமைப்பு குளிர்நாடுகளில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதற்காக உருவானது. தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் அதன் வேலை நேர்மாறானது. ஓசூருக்கோ நீலகிரிக்கோ வகுத்த குடில் அளவுகளை அப்படியே எடுத்து இங்கே நிறுத்தினால், மாசியில் நன்றாக நிற்கும் பயிர் சித்திரையில் வெந்து போகும்.

பாலித்தீன் தாளின் கீழ் சூடு ஏறுவதற்கு முதன்மையான காரணம், சூடான காற்று வெளியே போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடப்பதுதான். ஆகவே நம் பகுதியில் வெப்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் காற்று, அடுத்து நிழல், கடைசியில்தான் தண்ணீர். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காற்று போகாத குடிலில் மூடுபனித் தெளிப்பானைப் பொருத்திவிட்டு, உள்ளே புழுக்கம் கூடிவிட்டது என்று வருந்துவதில் பொருளில்லை.

அளவெடுத்தல்

எதைச் செய்வதற்கு முன்னும், உள்ளே உண்மையில் எவ்வளவு வெப்பம் என்று தெரிய வேண்டும். வெப்பமானியை இரும்புக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் அது குழாயின் சூட்டைத்தான் காட்டும். வெயில் நேரடியாகப் படாத, பக்கங்களில் காற்று நுழையும் வெள்ளைப் பெட்டிக்குள், பயிரின் நுனி நிற்கும் உயரத்தில் அதை வைக்க வேண்டும். பயிர் வளர வளரப் பெட்டியையும் உயர்த்த வேண்டும். காற்றின் வெப்பத்தைக் காட்டும் உலர்குமிழ், நனைந்த திரி சுற்றியிருப்பதால் ஆவியாதலில் குளிர்ந்து குறைவாகக் காட்டும் ஈரக்குமிழ் என இரண்டும் கொண்ட சாதாரண வெப்பமானியே போதும். ஈரக்குமிழின் திரியை மழைநீரில் நனைக்க வேண்டும். உப்புள்ள போர் தண்ணீரில் நனைத்தால் திரி விரைவில் இறுகிப் பொய்க்கணக்குக் காட்டும். இதே கருவியை வெளியேயும் ஒன்று நிழலில் வைத்து, பிற்பகல் 1 மணிக்கும் 3 மணிக்கும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பயிர் நிறைந்து நிற்கும் குடிலில் உள்வெப்பம் வெளிவெப்பத்தைவிட 2, 3 பாகைக்கு மேல் கூடியிருந்தால், காற்றோட்டத்தில் குறை இருக்கிறது என்று கொள்ளலாம்.

காற்று

செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், கோடைப் பிற்பகலில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தத்துவத்தை விளக்கத் தேவையில்லை: சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போக, முகப்பிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் அந்த இடத்தை நிரப்பக் காற்று வருகிறது. குடிலிலும் கீழே பக்கவாட்டில் நுழைவாயும், முகட்டில் வெளிவாயும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உயர வேறுபாடு எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு இழுப்பும் மிகுதி. எனவே கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் வடிகால் தொட்டியின் உயரம் 4 முதல் 4.5 மீட்டர், முகடு 6.5 மீட்டர் என்ற அளவுக்குக் குறைந்த குடிலை நான் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். குழாய்ச் செலவை மிச்சப்படுத்த உயரத்தைக் குறைப்பவர்கள், அந்த மிச்சத்தைப் போல் பல மடங்கை விளைச்சலில் விடுகிறார்கள். அகலம் 30 மீட்டரைத் தாண்டினால் நடுப்பகுதியில் காற்று தேங்கும்.

முகட்டுத் திறப்பு எந்தத் திசையைப் பார்ப்பது என்பது நம் பகுதியில் சிக்கலான கேள்வி. வைகாசி முடிவு தொடங்கி ஆவணி வரை காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் பலமாக வீசுகிறது. திறப்பு அதற்கு முதுகைக் காட்டிக் கிழக்கு நோக்கி இருந்தால், கூரையைத் தாண்டிச் செல்லும் காற்று உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சி எடுக்கும். ஆனால் ஐப்பசியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையைச் சுமந்து வரும்போது அதே திறப்பின் வழியாகச் சாரல் நேரே பாத்தியில் இறங்கும். கிழக்கு நோக்கியே திறப்பை வைத்து, கீழிருந்தே கயிற்றாலோ கைப்பிடியாலோ இழுத்து மூடக்கூடிய சுருள்திரையை அதில் பொருத்துவதுதான் என் முடிவு. நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும் முகடு இங்கே பாதி ஆண்டுக்குத்தான் பயன்படும்.

அடுத்து பூச்சி வலை. வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் அஞ்சி 40 மெஷ் வலையை, அதாவது ஓர் அங்குலத்துக்கு 40 கண்கள் உள்ள வலையை, கட்டுகிறோம். தேவையானதுதான், ஆனால் அது காற்றின் அளவைப் பாதி வரைகூடக் குறைத்துவிடும். அதனால் வலை கட்டும் பரப்பைத் தாராளமாக விட வேண்டும். பக்கத் திறப்புகளும் முகடும் சேர்ந்து தரைப்பரப்பில் 30 முதல் 40 விழுக்காடு இருக்குமாறு திட்டமிடுங்கள். நம் செம்மண் புழுதி இன்னொரு தொல்லை. ஆடிக்காற்றில் பறக்கும் தூள் வலைக்கண்களில் படிந்து, பனி பட்டுக் காய்ந்து, அட்டை போல் ஆகிவிடும். வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கண்கள் அடைபட்டிருப்பது தெரியும். ஆனி முதல் ஆவணி வரை மாதம் ஒருமுறையேனும் உள்ளிருந்து வெளிநோக்கித் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி உள்ளேதான் வரும்.

காற்று உண்மையில் ஓடுகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பிற்பகல் 1 மணியளவில், திரைகளைத் திறந்து வைத்து, குடிலின் நடுவில் தூபக்காலில் கொஞ்சம் சாம்பிராணி போட்டுப் புகையை விடுங்கள். புகை தரையிலிருந்து சாய்ந்து எழுந்து முகட்டை நோக்கிப் போனால் நன்று. இடுப்பளவில் படுக்கையாகப் பரந்து, இலைகளுக்கிடையே சுற்றிக்கொண்டு நின்றால், அந்த இடத்தில் காற்று செத்துக் கிடக்கிறது என்று பொருள். கீழ்ப்பகுதியில் முதிர்ந்த இலைகளைக் கழிப்பது, வரிசைகளை அடைத்து நிற்கும் பக்கக் கிளைகளைக் கிள்ளுவது ஆகியவற்றாலேயே பல இடங்களில் இது சரியாகிவிடும்.

நிழல்

50 விழுக்காட்டு நிழல்வலையைக் குடிலுக்கு வெளியே, கூரைக்குச் சற்று மேலே கட்டுவதே சிறந்தது. உள்ளே கட்டிய கறுப்பு வலை, வெயிலைத் தான் விழுங்கிச் சூடேறி, அந்தச் சூட்டை உள்ளேயே விடுகிறது. உள்ளேதான் கட்ட முடியும் என்றால், வெயிலைத் திருப்பியனுப்பும் அலுமினிய இழை வலையை வாங்குங்கள், விலை கூடுதல்தான். எந்த வலையானாலும் முற்பகல் 11 முதல் பிற்பகல் 3 வரை மட்டும் விரித்து, மற்ற நேரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். நாள் முழுதும் நிழலில் நிற்கும் செடி நெடுநெடுவென்று வளர்ந்து பூவைக் குறைக்கும்.

கூரைக்கு வெள்ளை பூசுவது மலிவான மாற்று. நம் ஊரில் சுண்ணாம்பு எளிதாகக் கிடைப்பதால் பலர் அதையே கரைத்து அடிக்கிறார்கள். நீற்றுச் சுண்ணாம்பின் காரம் அலுமினியச் சட்டங்களை அரிக்கும் என்பதால், சாக்பவுடராகிய கால்சியம் கார்பனேட்டையோ இதற்கென்றே விற்கும் பூச்சையோ பயன்படுத்துவது நல்லது. பங்குனியில் அடித்தால் ஐப்பசி மழை அதைக் கழுவிவிடும். அப்போது நமக்கு வெளிச்சமும் தேவைப்படும்.

தண்ணீர்

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஆவியாவதற்குக் காற்றில் இடம் வேண்டும். இந்த இடம் செட்டிநாட்டில் பருவத்துக்குப் பருவம் எவ்வளவு மாறுகிறது என்பதை இரண்டு கணக்குகளில் பார்க்கலாம். சித்திரைப் பிற்பகலில் வெளியே 40 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால், ஈரக்குமிழ் வெப்பநிலை 26 பாகை. இடைவெளி 14 பாகை. இந்த இடைவெளியில் 80 விழுக்காட்டைக் குறைக்கும் திறனுள்ள ஈரத்திண்டின் (தண்ணீரில் ஊறி நிற்கும் தடித்த திண்டின்) வழியே வரும் காற்று 29 பாகைக்கு இறங்கிவிடும். ஐப்பசியில் 31 பாகை, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், ஈரக்குமிழ் 28 பாகை. அதே திண்டும் அதே விசிறியும் இரண்டரைப் பாகைகூடக் குறைக்காது, நோயை வளர்க்கும் ஈரத்தை மட்டும் உள்ளே கொண்டு வரும். எனவே மோட்டாரை முடுக்குவதற்கு முன் ஈரக்குமிழைப் பார்க்க வேண்டும்: உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்கும் இடையே 5 பாகைக்குக் குறைவாக இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் நம்புங்கள்.

விசிறியும் ஈரத்திண்டும் வைப்பதென்றால், குடிலின் முழுக் காற்றும் நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். 20 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம், சராசரி 4 மீட்டர் உயரமுள்ள குடிலில் 2000 கன மீட்டர் காற்று இருக்கிறது. மணிக்கு 40,000 கன மீட்டர் தள்ளும் 50 அங்குல விசிறி மூன்று வேண்டும். 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள திண்டின் வழியே நொடிக்கு 1.25 மீட்டர் வேகத்தில் காற்று நுழைய ஏறத்தாழ 27 சதுர மீட்டர் திண்டு தேவைப்படும். திண்டுக்கும் விசிறிக்கும் இடைத்தூரம் 40 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கடைசி வரிசைக்கு வெந்த காற்றுதான் போய்ச் சேரும். இத்தகைய குடிலில் உச்சிவேளையில் மின்சாரம் நின்றால் சில நிமிடங்களிலேயே உள்ளே சூடு ஏறிவிடும் என்பதால், கையால் சுருட்டித் திறக்கும் பக்கத்திரை கட்டாயம். வெளிப்படையாகச் சொன்னால், நாற்றுப் பண்ணைக்கு அன்றி வேறு எதற்கும் இந்த அமைப்பின் மின்கட்டணம் இங்கே கட்டுபடியாகாது.

மூடுபனித் தெளிப்பானுக்குச் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 4 கிலோ அழுத்தம் வேண்டும். குறைந்தால் பனி வராது, தூறல் வரும். பயிர் உயரத்தில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்து அரை நிமிடம் தெளிப்பானை ஓட்டுங்கள். கண்ணாடியில் இலேசான மங்கல் மட்டும் படிந்தால் சரி. துளிகள் திரண்டு வழிந்தால், அதே துளி இலையிலும் வழிகிறது. அரை நிமிடம் ஓட்டி, சில நிமிடம் நிறுத்தி, இலை காய்ந்த பிறகு மீண்டும் ஓட்டும் முறையில் நேரக் கருவியை வையுங்கள். பிற்பகல் 4 மணிக்குப் பின் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் முனைகள் அடைபடுவதோடு இலைகளில் வெள்ளைப் படலமும் ஏறும். முற்றத்து மழையைக் கிடாரத்தில் பிடித்துப் பழகிய ஊர்களுக்கு இதற்கு வழி தெரியும்: 500 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 லிட்டர் கிடைக்கிறது. வடிகால் தொட்டியிலிருந்து ஒரு குழாயைப் பண்ணைக்குட்டைக்கு இறக்கி, அந்த நீரைத் தெளிப்பானுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

அக்னி நட்சத்திரம்

மே முதல் வாரத்தில் தொடங்கும் கத்திரி வெயிலில் குடமிளகாயைக் காப்பாற்ற முயல்வது வீண் செலவு. பகல் 32 பாகையைத் தாண்டி, இரவும் 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் அது பூவை உதிர்க்கும். எந்த வலையும் இரவு வெப்பத்தைக் குறைக்காது. மகரந்தச் சேர்க்கை தேவைப்படாத வெள்ளரி ஓரளவு தாங்கும். ஆனால் காற்று வறண்டிருக்கும்போது இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையோடு செம்பேன் பெருகும், இலையைத் தினமும் புரட்டிப் பார்க்க வேண்டும். என் பரிந்துரை, பங்குனி இறுதிக்குள் பயிரை முடித்துவிட்டு, அந்த வெயிலையே வேலைக்கு வைத்துக்கொள்வது. மண்ணைக் கொத்தி, நன்றாக நனைத்து, மெல்லிய நிறமற்ற பாலித்தீன் தாளை ஓரங்களில் மண்ணணைத்து மூடி, குடிலின் திரைகள் அனைத்தையும் இறக்கி 4 முதல் 6 வாரம் விட்டுவிட்டால், நூற்புழுக்களும் வாடல் நோய்க் காளான்களும் களை விதைகளும் பெருமளவு குறையும். அதற்கு முன் சொட்டுநீர்க் குழாய்களையும் கருவிகளையும் வெளியே எடுத்து வைப்பது நல்லது.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் எதிரி வெப்பமல்ல, ஈரம். மார்கழி, தை இரவுகளில்கூட இங்கே சூடேற்றும் கருவி தேவைப்படாது. ஆகவே குளிருக்கு அஞ்சித் திரைகளை இரவில் முழுதாக மூட வேண்டியதில்லை. மூடிய குடிலில் விடியற்காலையில் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்துச் செடியின் மேல் சொட்டும். அதிலிருந்துதான் வெள்ளரியில் அடிச்சாம்பல் நோயும், குழித்தட்டு நாற்றுகளில் அழுகலும் தொடங்குகின்றன. சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தை மட்டும் இறக்கிவிட்டு, தென்மேற்குப் பக்கத்தைத் திறந்தே வையுங்கள். வெயில் ஏறும் முன்பே திரைகளைத் தூக்கிவிட வேண்டும். தாமதித்தால், குளிர்ந்திருக்கும் காய்களின் மீது திடீரென்று சூடேறும் ஈரக்காற்று நீராகப் படியும். பாசனத்தை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். அடைமழை நாள்களில் சிறிய சுழற்சி விசிறிகளை ஓடவிட்டுக் காற்றைத் தேங்காமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சாணக் கொல்லித் தெளிப்பைப் பெருமளவு குறைக்கலாம். இந்தப் பருவத்து நோய்களுக்கு இலையோடு போய்க் கேட்கக் குன்றக்குடி வேளாண் அறிவியல் மையம் அருகிலேயே இருக்கிறது.

புயல் எச்சரிக்கை வந்தால் கணக்கு மாறும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா, புதுக்கோட்டையையும் சிவகங்கையையும் கடந்துதான் மேற்கே சென்றது. கடலிலிருந்து தள்ளியிருக்கிறோம் என்று எண்ண வேண்டாம். முகட்டையும் பக்கங்களையும் கதவையும் இடைவெளியின்றி மூட வேண்டும், ஏனெனில் உள்ளே புகும் காற்றுதான் கூரையை மேல்நோக்கித் தூக்குகிறது. நிழல்வலையைக் கழற்றி, தளர்ந்த தாளை இறுக்கி, அலுமினியக் காடிகளில் தாளைப் பிடித்திருக்கும் சுருள்கம்பி ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். அடித்தளக் குழாயின் மரைத்திருகுகளில் துரு ஏறியிருந்தால் அவற்றைப் புரட்டாசியிலேயே மாற்றிவிட வேண்டும்.