சின்னத் துப்பாக்கி வாங்குமுன்: பலரும் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் கொஞ்ச காலம் வாழ்ந்துவிட்டு, வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கும் நம்மவர்கள் உண்டு. கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும்: "சின்னதா, விலை குறைவா, நம்பி வைத்துக்கொள்கிற மாதிரி எது இருக்கு?" மூன்றும் சேர்ந்த துப்பாக்கிகள் கடையில் இருக்கத்தான் செய்கின்றன. வம்பு எங்கே வருகிறது என்றால், மூன்றில் "சின்னது" என்பதை முதலில் வைத்துத் தேடுவதில்.

அதற்குப் போவதற்குமுன் சட்டம். இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். எச்-1பி, எப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் வைத்திருக்கவும் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இருக்கிறது. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு; அவற்றை வழக்கறிஞரிடம் கேட்காமல் நம்பக்கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. "நண்பன் சிட்டிசன், அவன் பேரில் வாங்கி எனக்குக் கொடுத்துவிடட்டும்" என்ற யோசனை சிலருக்கு வரும். கடையில் நிரப்பும் 4473 படிவத்தின் முக்கியமான கேள்வியே, உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்பது. அதில் பொய் சொல்வது குற்றம். தடை உள்ள ஒருவருக்காக வாங்கிக் கொடுத்தால் 2022-இல் வந்த சட்டப்படி 15 ஆண்டு வரை சிறை. மாட்டினால் நண்பருக்குச் சிறை, உங்களுக்கு விசாவும் போகும்.

இணையத்தில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்று நினைப்பதும் வழக்கம். வராது. உங்கள் மாநிலத்தில் உரிமம் உள்ள ஒரு கடைக்குத்தான் அனுப்புவார்கள். அங்கே போய் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும். அந்தக் கடை தனியாக ஒரு கட்டணம் வாங்கும். இணையத்தில் பார்த்த "மலிவு" பாதி அதிலேயே கரைந்துவிடும்.

மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு. கலிபோர்னியாவில் அரசு பட்டியலில் உள்ள மாடல்களைத்தான் கடைக்காரர் பொதுமக்களுக்குப் புதிதாக விற்கலாம். அங்கேயும் நியூயார்க், நியூஜெர்சியிலும் மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் கூட்டில், 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. நியூஜெர்சியில் துப்பாக்கி வாங்கவே முன்கூட்டி அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும். டெக்சஸில் இருக்கும் மச்சான் சொன்ன மாடலை நியூஜெர்சி எடிசனில் தேடி அலைவதில் பயனில்லை.

சரி, கடைக்குள் போகலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றை விற்பனையாளர் எடுத்து, மேகசினைக் கழற்றி, மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடை இழுத்துக் காலியாக இருப்பதைக் காட்டிவிட்டு நீட்டுவார். ரூகர் எல்சிபி என்று வைத்துக்கொள்வோம். 2008-இல் வந்தது, .380 என்ற அளவுத் தோட்டா, எடை சுமார் 270 கிராம். கையில் வாங்கியதும் "அட, இவ்வளவு லேசா!" என்று தோன்றும். வாங்கிவிடுவார்கள். அந்த வாரமே ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) நாலு சுற்று சுட்டதும் கட்டைவிரல் அடியில் வலிக்கும், குறி எங்கோ போகும், துப்பாக்கி அலமாரிக்குள் போய்விடும்.

காரணம் எளிது. தோட்டாவின் பலம் அதேதான். அதைத் தாங்கும் எடை குறைந்தால் உதைப்பு கூடும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமில்லை, துப்பாக்கி கைக்குள் திரும்பும். குழல் குட்டை, அதனால் குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் குறைவு, கண்ணுக்கு நேராகத் தெரிகிற சிறு பிசகு இலக்கில் பெரிதாகிவிடும். மிகச் சிறிய துப்பாக்கிகள் நன்றாகப் பழகியவர்களுக்கானவை. கடைகளில் அவை புதியவர்களிடமே தள்ளப்படுகின்றன.

பெண்களுக்கு என்றால் இன்னும் மோசம். "மேடத்துக்குச் சின்ன ரிவால்வர் போதும், ஸ்லைடு இழுக்க வேண்டாம், சிக்காது" என்று ஐந்து தோட்டா ரிவால்வரை எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்மித் அண்ட் வெஸனின் ஜே-ஃபிரேம் வகை நல்ல துப்பாக்கிதான், 1950 முதல் இருக்கிறது. ஆனால் அலுமினிய உடலுள்ள மாடல்கள் 400 கிராம் சொச்சம். சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையை அழுத்த 10, 12 பவுண்டு பலம் வேண்டும்; துப்பாக்கியின் எடையோ ஒரு பவுண்டுகூட இல்லை. அழுத்தும்போதே முனை ஆடிவிடும். ஸ்லைடு இழுக்கக் கை பலம் இல்லை என்பதுதான் பிரச்சினை என்றால், அதற்கென்றே வடிவமைத்த ஷீல்டு ஈஸி வகை இருக்கிறது; .380-இல் 2018-லும் 9 எம்.எம்.-இல் 2020-லும் வந்தது. அதைவிட முக்கியம், பலருக்கு இழுக்கும் முறைதான் தெரிவதில்லை. ஸ்லைடை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, பிடியை மறு கையால் முன்னால் தள்ள வேண்டும். வாங்கப்போவது யாருக்கோ, கடைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். கணவர் போய் எடுத்துவந்து மனைவி கையில் கொடுப்பது புடவைக்கு வேண்டுமானால் சரி.

அப்படியென்றால் எந்த அளவு? வீட்டில் வைக்கவும் தேவைப்பட்டால் உடன் எடுத்துப் போகவும் ஒரே துப்பாக்கி என்றால், க்ளாக் 19 அளவுதான் பலருக்கும் சரிவரும். 1988-இல் வந்த மாடல், நாலு அங்குலக் குழல், மேகசினில் 15. முழுக்கையும் பிடியில் உட்காரும். அதைவிடச் சிறிது வேண்டுமானால் 2018-இல் வந்த சிக் சாவர் பி365 வகை. உடம்பு சின்னதாகவே இருக்க மேகசினில் 10 தோட்டாவை அடக்கியது அதன் சாமர்த்தியம். ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு பிளஸ், க்ளாக் 43எக்ஸ் எல்லாம் அதே வரிசையில் வைக்க வேண்டியவை. விலை இறங்க வேண்டும் என்றால் டாரஸ் ஜி3சி, ரூகர் இசி9எஸ் போன்றவை 300 டாலரை ஒட்டிக் கிடைக்கும். ஹை-பாயின்ட் என்று இன்னும் மலிவாக ஒன்று உண்டு. பலரும் கேலி செய்தாலும் அது பெரும்பாலும் சுடத்தான் செய்யும். ஆனால் எடை 800 கிராமைத் தாண்டும், பருமனும் அதிகம், சின்னது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எண்ணிப் பார்க்காமல் விடுகிற ஒரு வழி, போலீஸ் துறைகள் கழித்துவிடும் துப்பாக்கிகள். .40 தோட்டாவிலிருந்து 9 எம்.எம்.-க்குத் துறைகள் மாறியபோது பழைய துப்பாக்கிகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. உறையில் உரசி உரசி ஸ்லைடு வெளுத்திருக்கும். உள்ளே பார்த்தால் அவ்வளவாகச் சுட்டிருக்க மாட்டார்கள். ஆனால் .40 கொஞ்சம் அதிகமாக உதைக்கும், தோட்டாவும் விலை கூட. கழித்துவிட்டதில் 9 எம்.எம். கிடைத்தால் யோசிக்காமல் பார்க்கலாம்.

விலையைப் பற்றி இன்னொன்று. 300 டாலர் துப்பாக்கி 300 டாலரோடு முடிவதில்லை. பயிற்சித் தோட்டா ஒன்று சுமார் 25, 30 சென்ட். பாதுகாப்புக்கு வைப்பது முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும் குழிமுனைத் தோட்டா; அது ஒன்று கிட்டத்தட்ட ஒரு டாலர். புதுத் துப்பாக்கியை நம்புவதற்குமுன் இருநூறு தோட்டாவாவது சிக்காமல் சுட்டுப் பார்க்க வேண்டும் என்பது பழகியவர்கள் சொல்லும் கணக்கு. அதற்குமேல், வீட்டில் எந்தத் தோட்டாவைப் போட்டு வைக்கப் போகிறீர்களோ அதிலும் இரண்டு மூன்று பெட்டி. உருண்டை முனைத் தோட்டாவை அழகாக விழுங்கும் துப்பாக்கி, குழிமுனையைக் கண்டதும் குழலுக்குள் ஏற்றாமல் முரண்டு பிடிப்பது உண்டு. அப்புறம் உறை, பூட்டுப் பெட்டி, ரேஞ்ச் கட்டணம், ஒரு நாள் வகுப்பு. கையில் 600 டாலர் இருக்கிறது என்றால் துப்பாக்கிக்கு 350-க்கு மேல் போகாதீர்கள். 600-க்கும் துப்பாக்கியே வாங்கிவிட்டு ஒரு பெட்டித் தோட்டாவோடு வீட்டுக்கு வருபவர்தான் நான் பார்த்ததில் அதிகம்.

நம்பகம் என்பதைப் பிராண்டின் பெயரில் மட்டும் தேடுவதும் சரியல்ல. ரெமிங்டன் அமெரிக்காவின் பழம்பெரும் நிறுவனம். 2014-இல் ஆர்51 என்ற சின்னத் துப்பாக்கியை விட்டது, அந்த ஆண்டே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ரூகர் எல்சிபி வந்த 2008-லேயே, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று திரும்ப அழைக்கப்பட்டது. சிக் சாவர் பி320-க்கும் 2017-இல் இதே காரணத்துக்காக இலவச மாற்றம் அறிவித்தார்கள். புதிதாக வந்த மாடலை முதல் வருடத்தில் வாங்காமல் இருப்பது நல்லது. பழையது வாங்கினால் அதன் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

துப்பாக்கி சிக்குகிறது என்று திட்டுவதற்குமுன் மணிக்கட்டையும் பார்க்க வேண்டும். ஸ்லைடு பின்னால் ஓடுவது உதைப்பின் பலத்தில்தான். அப்போது கீழ்ப்பகுதியைக் கை அசையாமல் பிடித்திருந்தால்தான் ஸ்லைடு முழுதாகப் போய்த் திரும்பும். மணிக்கட்டு தளர்ந்து கையும் சேர்ந்து பின்வாங்கினால் ஸ்லைடு பாதியில் நின்று, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியேறாமல், அது வெளியே விழும் துவாரத்தில் செங்குத்தாக மாட்டிக்கொள்ளும். லேசான துப்பாக்கிகளில் இது அதிகம் நடக்கும். அதே துப்பாக்கியைப் பழகியவர் கையில் கொடுத்தால் ஒழுங்காகச் சுடும்.

தோட்டா அளவுச் சண்டை முடிவில்லாதது. .45 இல்லாவிட்டால் பிரயோசனமில்லை என்பார் ஒருவர். 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த மோதலில் எஃப்பிஐ இரண்டு பேரை இழந்தது. குற்றவாளி ஒருவனைத் தொடக்கத்திலேயே துளைத்த 9 எம்.எம். குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட, அவன் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருந்தான். அதன்பிறகு 10 எம்.எம்., .40 என்று பெரிதாகப் போனார்கள். உடல் தசைக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலும் அந்தத் தேடலில் பிறந்தது. 9 எம்.எம். குழிமுனைத் தோட்டாக்கள் அதற்குள் நன்றாக மேம்பட்டுவிட்டன. முப்பது ஆண்டு கழித்து எஃப்பிஐயே 9 எம்.எம்.-க்குத் திரும்பியது. உதைப்பு குறைவு, விலையும் குறைவு. புதியவருக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை.

பயிற்சித் தோட்டாவையே வீட்டிலும் போட்டு வைப்பது ஆபத்து. உருண்டை முனைக் குண்டு விரியாது, ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கும். அமெரிக்க வீடுகளின் உட்சுவர் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். அடுத்த அறையில் குழந்தை தூங்குகிறதா, அபார்ட்மென்டில் பக்கத்து வீடா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. குழிமுனைக்கும் சுவர் பெரிய தடையில்லை என்பதால் எந்தத் திசையில் சுடக்கூடாது என்று முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். நியூஜெர்சிவாசிகள் கவனிக்க: குழிமுனைத் தோட்டாவை வீட்டில் வைக்கலாம், ரேஞ்சுக்குக் கொண்டு போகலாம், மற்றபடி வெளியே எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு உண்டு.

லேசர், விளக்கு, விசை மாற்றுவது இதெல்லாம் ஆறு மாதம் கழித்து. உறையில் மட்டும் கஞ்சம் வேண்டாம். விசையைச் சுற்றியுள்ள வளையத்தை முழுக்க மூடும் கெட்டியான உறை வேண்டும். இன்றைய சின்னத் துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் தனியாக சேஃப்டி பட்டன் இருக்காது. கைப்பையில் சாவிக்கொத்தோடு போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தலையணைக்கடியில், உடுப்பு அலமாரி மேல் தட்டில் என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தைக்கு எட்டாது என்ற நம்பிக்கை. நாற்காலி போட்டு பிஸ்கட் டப்பாவை எடுக்கும் குழந்தைக்கு அது எட்டும். கடையில் வாங்கும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியோடும் ஒரு பூட்டாவது தர வேண்டும் என்பது சட்டம். அது போதாது, அவசரத்தில் திறக்கக்கூடிய பெட்டி ஒன்று வாங்குங்கள். இன்னொன்றும் உண்டு, நம் வீடுகளில் யாரும் பேச விரும்பாதது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனச்சோர்விலோ வேலை போன அதிர்ச்சியிலோ இருந்தால் இப்போதைக்கு வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகிறவர்களுக்கு. ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் முதுகுப்பையையே சென்னைக்கும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஏதோ ஒரு மடிப்பில் ஒரு தோட்டா கிடக்கும். இங்கே தப்பினாலும், திரும்பி வரும்போது மீனம்பாக்கம் ஸ்கேனரில் தெரிந்துவிடும். இந்தியாவில் உரிமமின்றி ஒரு தோட்டா வைத்திருந்தாலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் கிடந்தது என்று நிரூபித்தால் நீதிமன்றங்கள் விடுவித்திருக்கின்றன என்றாலும், அதற்குள் விமானம் போயிருக்கும், லீவும் முடிந்திருக்கும். ரேஞ்சுக்கென்று தனியாக ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள். இருபது டாலர்தான்.