தனியாக சிங்கப்பூர்: நீலக் கோட்டில் ஒரு பகலும் ஓர் இரவும்

சிங்கப்பூரில் கையில் இருப்பது ஒரே நாள் என்றால், பலரும் செந்தோசா, ஆர்ச்சர்ட், சாங்கி என்று மூலைக்கு மூலை ஓடி, சாயங்காலமே கால் ஓய்ந்து படுத்துவிடுகிறார்கள். தனியாகப் போகிறவர் அப்படி ஓட வேண்டியதில்லை. மெட்ரோ வரைபடத்தில் நீல நிறத்தில் இருக்கும் டவுன்டவுன் பாதையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பூங்கா, கோயில், சாப்பாடு, மெரினா பே, இரவுக் கடைகள் எல்லாம் அதே பாதையில் வரிசையாக வந்துவிடும். தங்கும் இடத்தையும் லிட்டில் இந்தியா, ரோச்சோர், ஜலான் புசார் நிலையங்களின் பக்கமே பாருங்கள். மத்தியானம் போய்ப் படுத்து எழ அதுதான் வசதி.

கிளம்பும் முன்

நாகர்கோவில், தக்கலை, குளச்சல் எங்கிருந்து கிளம்பினாலும் நமக்குப் பக்கம் திருவனந்தபுரம் விமான நிலையம்தான். வெளிநாட்டு விமானங்களுக்கான முனையம் சாக்கைப் பக்கம் இருக்கிறது. டிரைவரிடம் வெறுமனே "ஏர்போர்ட்" என்று சொன்னால் சங்குமுகம் பக்கத்து உள்நாட்டு முனையத்தில் இறக்கிவிடக்கூடும். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் மூன்றிலும் வண்டி நின்று நின்று போகும் என்று கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்து கடற்கரைக்குப் போகும். அன்று மாலை சில மணி நேரம் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். டிக்கெட் போடும்போதே அந்தத் தேதிகளைப் பார்த்துவிடுங்கள்.

விசா கட்டாயம். ஏஜென்ட் மூலம் முன்கூட்டியே எடுக்க வேண்டும். அது தவிர, சிங்கப்பூரில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

ரூபே கார்டை நம்பிப் போக வேண்டாம். விசா கார்டு அல்லது மாஸ்டர்கார்டு வைத்துக்கொண்டு, வங்கிச் செயலியில் "வெளிநாட்டுப் பயன்பாடு", "கான்டாக்ட்லெஸ்" இரண்டையும் வீட்டிலிருந்தே ஆன் செய்யுங்கள். இவை பெரும்பாலும் ஆஃப் நிலையில்தான் இருக்கும். அங்கே போய் நிற்கும்போது ஓடிபி வராமல் திண்டாட நேரும். மெட்ரோவில் தனியாக டிக்கெட் வேண்டாம், இதே கார்டைத் தட்டிப் போகலாம். உள்ளே போகும்போது தட்டியதையேதான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். உள்ளே கார்டையும் வெளியே போனையும் தட்டினால் இரண்டு தனிப் பயணமாகக் கணக்காகிக் கட்டணம் ஏறும்.

பெட்டியில் கசகசா கலந்த மசாலாப் பொடி, இறைச்சி ஊறுகாய், மெல்லும் புகையிலை, வேப் எனும் மின் சிகரெட், சூயிங்கம் எதுவும் கூடாது. சிகரெட் ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும். நேந்திரம் சிப்ஸ் தாராளமாகக் கொண்டு போகலாம். "எங்க மாமாகிட்ட இதைக் குடுத்திருங்க" என்று தெரிந்தவர் தந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எந்தப் பொட்டலத்தையும் வாங்காதீர்கள். போதைப்பொருள் வழக்கில் அங்கே தூக்குத் தண்டனை வரை உண்டு. நம் சார்ஜரின் உருண்டைப் பின் அங்குள்ள பிளக்கில் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

பகல்

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். காலை ஏழு மணிக்குத்தான் அங்கே விடியும். ஏழரைக்கு பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்தில் இறங்குங்கள். 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பூங்கா இது. நுழைவு இலவசம், உள்ளே ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். நிலையம் பூங்காவின் வடக்குக் கோடியில் இருப்பதால் ஆர்க்கிட் வரை நடந்து திரும்ப முக்கால் மணி நேரம் வேண்டும். தாங்லின் வாசல் வழியாக வெளியேறினால் நீலப் பாதை கைவிட்டுப் போய்விடும், வந்த வழியே திரும்புங்கள்.

பத்தரைக்கு லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு முதலில் போங்கள். மதியம் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். சாப்பாட்டுக்கு நிலையத்தை ஒட்டிய தேக்கா சென்டர். மீன் இல்லாமல் சோறு இறங்காத நம்மவர்களுக்குத் தோதான இடம். மேஜையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தனியாள் நீங்களும் அப்படியே செய்துவிட்டு வாங்கப் போகலாம். சாப்பிட்ட தட்டை நாமேதான் கொண்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் விழலாம். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் மெட்ரோவுக்குள் ஒரு மடக்குக் குடித்தாலும் குற்றம்.

ஒன்றரை முதல் நாலரை வரை அறைக்குப் போய்த் தூங்குங்கள். புழுக்கம் நம் ஊர் சித்திரை மாதிரி. இந்தத் தூக்கத்தை விட்டால் இரவை அனுபவிக்க உடம்பு ஒத்துழைக்காது.

இரவு

சாயங்காலம் பேஃபிரண்ட் நிலையம். கார்டன்ஸ் பை த பே என்ற பூங்காவில் சூப்பர்ட்ரீ என்ற ராட்சத இரும்பு மரங்களின் ஒளி-இசைக் காட்சி 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும், இலவசம். 7.20-க்கே போய், மரங்களுக்கு நடுவே ஒரு துண்டை விரித்து மல்லாந்து படுத்துவிடுங்கள். நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும், அத்தனை உயரம். முடிந்ததும் பாலம் வழியாக மெரினா பே சாண்ட்ஸ் ஹோட்டலைக் கடந்து கரைக்கு வாருங்கள். 8 மணிக்கும் 9 மணிக்கும் அங்கே ஸ்பெக்ட்ரா நீர்க்காட்சி, அதுவும் இலவசம். 9 மணிக் காட்சியே போதும், எட்டு மணிக் காட்சியைப் பிடிக்க ஓட வேண்டாம்.

கரையோரமாக மெர்லயன் சிலை வரை நடந்துவிட்டு, தெலோக் ஆயர் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லாவ் பா சாட் என்ற பழைய உணவுச் சந்தைக்குப் போங்கள். ஏழு மணிக்கு மேல் பூன் டாட் தெருவை அடைத்து மேஜை போட்டு, கரி அடுப்பில் சாத்தே (குச்சியில் கோத்த இறைச்சி) வாட்டுவார்கள்.

பாருக்குப் போகிறவர்கள் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இருக்கும் "++" குறியைக் கவனியுங்கள். 10 சதவீத சேவைக் கட்டணமும், அதன் மேல் 9 சதவீத வரியும் சேரும். 15 டாலர் பீர் கிட்டத்தட்ட 18 டாலர் ஆகிவிடும். தனியாக இருப்பவர் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்து "எனக்கும் ஒன்று" என்றால், விலை கேட்காமல் தலையாட்ட வேண்டாம். கிளாஸைக் கண் பார்வையிலேயே வைத்திருங்கள். இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பது குற்றம், கடைகளிலும் பாட்டில் விற்க மாட்டார்கள். லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு முழுக்கவே வெளியில் குடிக்கக் கூடாது. குடிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் முஸ்தபா சென்டர் என்ற பெரிய கடை நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும்.

கடைசி ரயில் நிலையத்துக்கு நிலையம் மாறும், 11.15-க்கே பிளாட்பாரத்தில் இருங்கள். அதைத் தவறவிட்டால் டாக்சிதான். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டருக்கு மேல் பாதி கூடுதல். அதிகாலை விமானத்துக்கு சாங்கி போகிறவர்களும் இதே கட்டணத்துக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள், முதல் ரயில் ஐந்தரை மணிவாக்கில்தான் கிளம்பும்.