இரண்டு இன்லெட், ஒரு அவுட்லெட்: நான் மாட்டிக்கொண்ட இடம்

50 மி.மீ. மெயின் பைப்பில் பக்கவாட்டாக 25 மி.மீ. பைப் வந்து சேரும் டி-ஜங்ஷன், உள்ளே தண்ணீர். இந்த ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிட ஓப்பன்ஃபோம் மென்பொருள், அதில் சிம்பிள்ஃபோம் சால்வர் (ஓட்டச் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்). மெயினில் 1 மீ/வி, கிளையில் 2 மீ/வி. பம்ப் பிரஷரும்தான் தெரியுமே என்று, இரண்டு இன்லெட்டிலும் வேகத்தோடு பிரஷரையும் ஃபிக்ஸ் செய்துவிட்டேன். இரண்டு நாள் ஓட்டியும் பிரஷர் ரெசிடுவல் (கணக்கில் இன்னும் மிச்சமிருக்கும் பிழை) இறங்குவேனா என்றது. மெஷ்தான் (பைப்பின் உள்பகுதியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த வலை) காரணம் என்று நினைத்து அதை மூன்று தடவை மாற்றினேன். வீண் வேலை.

வேகத்தை நாம் சொல்லிவிட்டால், அந்த இடத்தில் பிரஷர் எவ்வளவு என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும். இரண்டையும் நாமே சொன்னால் அது எங்கே போகும்? இன்லெட்களில் வேகம் மட்டும் வைத்து, பிரஷருக்கு ஜீரோகிரேடியன்ட் (பக்கத்துக் கட்டத்தில் கணக்கு சொல்லும் பிரஷரையே எடுத்துக்கொள்ளும் நிபந்தனை) கொடுத்தேன். அவுட்லெட்டில் பிரஷர் 0. (நான் முதலில் போட்ட 20000 பாஸ்கலே தப்பு என்பது தனிக் கூத்து. இந்த சால்வரில் பிரஷரை அடர்த்தியால் வகுத்துப் போடணும். தண்ணீருக்கு அது 20.)

ரெசிடுவல் இறங்கியது, ஆனால் அவுட்லெட் வழியாகத் தண்ணீர் திரும்பி உள்ளே வந்தது. ஜங்ஷனிலிருந்து 100 மி.மீ.யிலேயே பைப்பை வெட்டியிருந்தேன். சுழல் சரியாக அந்த வாயிலில் உட்கார்ந்திருந்தது. 500 மி.மீ.க்கு நீட்டி, அவுட்லெட் வேகத்துக்கு இன்லெட்அவுட்லெட் (வெளியே போக விட்டு, திரும்பி உள்ளே வருவதைத் தடுக்கும் நிபந்தனை) போட்டேன். உள்ளே வினாடிக்கு 1.96 லிட்டரும் 0.98 லிட்டரும், வெளியே 2.94. சராசரி வேகம் 1.5 மீ/வி.