கருப்பு-வெள்ளை ஆவணப் படங்களில் உணர்ச்சி: எங்கே கெடுக்கிறோம்?

படம் சப்பென்று இருக்கிறதா, கருப்பு-வெள்ளை ஆக்கிவிடு என்றொரு பழக்கம் புகைப்படக்காரர்களிடம் உண்டு. நிறத்தை உருவினால் சோகம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கை. 1984 போபால் விஷவாயுக் கசிவில் இறந்த ஒரு குழந்தையின் அடக்கத்தைப் புகைப்படக்காரர் ரகு ராய் கருப்பு-வெள்ளையில் எடுத்தார். அதே குழந்தையை இன்னொரு புகைப்படக்காரர் பாப்லோ பார்த்தலோமியு வண்ணத்தில் எடுத்தார். அந்த ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ விருது வண்ணப் படத்துக்குத்தான் போனது. இரண்டிலும் நம்மை உலுக்குவது மண்ணுக்கு நடுவே திறந்தபடி இருக்கும் அந்தக் கண்கள். நிறம் இருந்ததா இல்லையா என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

சொல்லப்போனால், நிறம் போகும்போது முதலில் நடப்பது இழப்பு. பச்சைச் சுவருக்கு முன்னால் சிவப்புச் சட்டையில் நிற்பவர் வண்ணத்தில் பளிச்சென்று தனித்துத் தெரிவார். சாம்பலில் இரண்டும் பெரும்பாலும் ஒரே அடர்த்திக்கு வந்து, ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்வார். ஆகவே இந்த முடிவை எடிட்டிங் வரை தள்ளிப்போடாதீர்கள். கேமராவை ரா ஃபைலிலும் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் வடிவம்) மோனோக்ரோம், அதாவது கருப்பு-வெள்ளை முன்னோட்டத்திலும் வைத்தால் திரையில் சாம்பலாகவே பார்த்து எடுக்கலாம். நிறத் தகவல் ஃபைலில் பத்திரமாக இருக்கும்.

அதிகம் அடிவாங்குவது தோல்தான். எடிட்டிங்கில் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச-இருள் வித்தியாசம்), கிளாரிட்டி (நுண்விவரத் தூக்கல்) ஸ்லைடர்களை வலப்பக்கம் தள்ளினால் முதியவர் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் வாய்க்கால் ஆகிவிடும். பார்ப்பவருக்குத் தெரிவது வயது மட்டுமே, அந்த நேரத்து மனநிலை அல்ல. கண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் வழியும் கண்ணீர் படத்தில் தெரிவதே, சுற்றியுள்ள தோலைவிட அது மின்னுவதால். கன்னத்தையே வெளுக்க வைத்துவிட்டால் அந்தக் கோடு காணாமல் போகும். வண்ணத்திலிருந்து மாற்றும்போது சிவப்பு நிறம் எவ்வளவு வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் சிவப்பு ஸ்லைடரை ஏற்றினால் இதுதான் நடக்கும்: தோல் வெளுக்கும், உதடும் அதோடு கரையும். உதடு கரைந்தபின் இறுகிய வாய்க்கும் நடுங்கும் வாய்க்கும் வித்தியாசம் தெரியாது. சிவப்பைக் குறைத்தாலோ தோல் கறுத்து, தழும்பும் பருவும் தூக்கலாகும். சிவப்பை உணராத அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமில் முகங்கள் கடுமையாகத் தெரிவது இதனால்தான்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரையும் அப்படியே நம்பக் கூடாது. எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பல் ஆக்கவே அது பார்க்கும். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் வெளுக்க வைக்கும். அதே முகம் வெள்ளைச் சுவருக்கு முன் நின்றால் இருட்டில் தள்ளிவிடும். சிறு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் முகத்தை மட்டும் அளந்து, கறுத்த முகமானால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தில் பாதி) குறைத்து எடுங்கள். ஃபிலிமில் தெரியும் கிரெய்ன் என்ற பொடிப்புள்ளிகளைப் பிறகு ஒட்டவைப்பது பற்றிச் சொல்ல அதிகமில்லை. படம் பழசாகத் தெரியும், அவ்வளவுதான்.

எடுக்கும் நேரத்தில் செய்யும் பெரிய தவறு அழுகைக்காகக் காத்திருப்பது. அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் 1948-ல் லைஃப் இதழுக்காக அமெரிக்காவின் கொலராடோவில் எர்னஸ்ட் செரியானி என்ற கிராம மருத்துவரைத் தொடர்ந்து படமெடுத்தார். அவற்றில் மனதை விட்டுப் போகாத படம், அதிகாலை இரண்டு மணி வரை நீண்ட ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனைச் சமையலறையில் காபிக் கோப்பையும் சிகரெட்டுமாக அவர் சாய்ந்து நிற்பது. கண்ணீர் இல்லை. எல்லாம் அந்த நிற்கும் விதத்தில் இருக்கிறது. முகத்துக்கு நெருக்கமாக க்ராப் செய்திருந்தால் களைத்த ஒரு மனிதர் மட்டும்தான் மிஞ்சியிருப்பார்.

கைகளை வெட்டுவதும் இதே ரகம். அமெரிக்கப் புகைப்படக்காரர் டாரதியா லாங்கே 1936-ல் கலிஃபோர்னியாவில் எடுத்த இடம்பெயர்ந்த தாயின் படத்தில், தாடையோரம் பட்டும் படாமலும் இருக்கும் அந்தக் கையை மறைத்துப் பாருங்கள், பாதிக் கவலை போய்விடும். இருபுறமும் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் நம் கண் தாயை விட்டு நகர்வதில்லை. லாங்கே முதல் ஃபிரேமோடு கிளம்பிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பல படங்கள் எடுத்தார். முதல் படத்தில் பெரும்பாலும் பதிவாவது கேமராவைக் கண்ட கூச்சம்தான்.

கூச்சத்தைத் தவிர்க்க நடிக்கச் சொல்வதோ, பிறகு திருத்துவதோ வேண்டாம். ஸ்பெயின் கிராமத்துச் சாவு வீடு ஒன்றில் ஸ்மித் எடுத்து 1951-ல் வெளியான படத்தில், சில பெண்களின் பார்வையை அவர் இருட்டறையில் திருத்தினார். பெரிய கலைஞர் என்பதற்காக இதை மன்னிக்க எனக்கு மனமில்லை. கேமராவைப் பார்த்த கண்ணும் அந்தத் துக்கத்தின் பகுதிதான்.

படக்குறிப்பில் ‘வறுமையின் வலி’ என்று எழுதுவது பார்ப்பவரின் வேலையைப் பிடுங்கிக்கொள்வது. யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது என்பது போதும். லாங்கே பெயர் கேட்டு எழுதவில்லை. அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதும், அவர் செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும் 1970-களின் பிற்பகுதியில்தான் பலருக்கும் தெரியவந்தது. வறுமையின் சின்னமாகத் தன்னை ஆக்கியது அவருக்குப் பிடிக்கவும் இல்லை.

ஒருமுறை சம்மதம் வாங்கினால் என்றைக்கும் போதும் என்ற நினைப்பும் தவறு. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டும் படத்தை ஸ்மித் 1971-ல் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எடுத்தார். மகள் இறந்த பிறகும் படம் மறுபடி மறுபடி வெளிவந்தது பெற்றோருக்கு வேதனையாயிற்று. காப்புரிமை வைத்திருந்த, ஸ்மித்தின் மனைவியாக இருந்த ஐலீன் ஸ்மித் 1998-ல் அந்தப் படம் பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடமே கொடுத்துவிட்டார். படத்தில் இருப்பவரின் தொடர்பு எண்ணை வாங்கி வையுங்கள். கண்காட்சியோ புத்தகமோ வரும்போது மறுபடி கேளுங்கள்.